காம்போசிட்டா, பிவிசியா: டெக் ஒப்பந்ததாரர்களின் செலவுக் கணக்குக் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டை ஒட்டித் திறந்தவெளியில் சட்டங்களின் மேல் பலகை பாவி அமைக்கும் டெக் என்னும் தளங்களுக்கு விலைப்புள்ளி கொடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பலகை விலை இடத்துக்கு இடமும் பருவத்துக்குப் பருவமும் மாறுவதால், கணக்கு காட்ட வேண்டிய இடங்களில் வெறும் அலகுகளையே பயன்படுத்தியிருக்கிறேன். அந்த இடங்களில் உங்கள் விற்பனையாளர் சொல்லும் விலையை இட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, இத்தொழிலுக்கு நான் புதியவன். காம்போசிட், பிவிசி இரண்டும் பிளாஸ்டிக் பலகைகள்தானே? பிறகு ஏன் இவ்வளவு விலை வேறுபாடு?

பதில்: காம்போசிட் என்பது மரத்தூளையும் பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக்கையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து உருக்கி இழுத்த பலகை. அதில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு பெரும்பாலும் அதிகம். பிவிசி பலகையில் மரத்தூள் கிடையாது. பிவிசியை நுரைக்கச் செய்து, உள்ளே நுண்ணிய காற்றறைகள் இருக்கும்படி வார்த்து, மேலே கடினமான உறை ஒன்றைப் போர்த்துகிறார்கள். மூலப்பொருளின் விலையும் தயாரிப்பு முறையும் வேறாக இருப்பதால் பலகையின் விலையும் வேறாகிறது.

காம்போசிட்டிலும் இரண்டு வகை உண்டு. உறையில்லாத பழைய வகை, ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக் கறை படிந்து பலருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. இப்போது ஒப்பிடத் தகுந்தது பிளாஸ்டிக் உறை போர்த்திய காம்போசிட் மட்டுமே. அதிலும் உறை மூன்று பக்கம் இருக்கிறதா, நான்கு பக்கமும் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விலையை ஒப்பிடுங்கள். இல்லையென்றால் இருவேறு பொருள்களின் விலையை ஒரே தட்டில் வைத்து நிறுத்தவர்களாவோம்.

கேள்வி: காம்போசிட்டில் செய்தால் ஆகும் மொத்தத் தொகையைக் கணக்கிட்டுவிட்டு, பிவிசி பலகை 40 விழுக்காடு விலை கூடுதல் என்பதால் மொத்தத் தொகையையும் 40 விழுக்காடு உயர்த்திக் கொடுத்தேன். வாடிக்கையாளர் பதில் கூடச் சொல்லவில்லை. நான் செய்தது தவறா?

பதில்: தவறுதான். என்னிடம் வரும் விலைப்புள்ளிகளில் மிக அதிகமாகக் காணும் பிழையும் இதுவே. விலை வேறுபாடு பலகைக்கு மட்டும் உரியது. அடிக்கால், தாங்கு சட்டங்கள், கைப்பிடி, படி, கூலி ஆகியவை எந்தப் பலகையைப் பாவினாலும் பெரும்பாலும் மாறுவதில்லை.

20 அடிக்கு 16 அடி, அதாவது 320 சதுர அடித் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பலகையின் உண்மையான அகலம் 5½ அங்குலம். இடைவெளி 3/16 அங்குலத்தையும் சேர்த்தால், ஒரு சதுர அடிக்கு 2.11 அடி நீளப் பலகை வேண்டும். ஆக 675 அடி, வெட்டுக்கழிவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் சுமார் 743 அடி. காம்போசிட் அடிக்கு 10 அலகு, பிவிசி 14 அலகு என்று வைத்தால், பலகைச் செலவு முறையே 7,430, 10,402. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 22,500 என்று கொண்டால் மொத்தம் 29,930, 32,902. பலகையில் 40 விழுக்காடாக இருந்த வேறுபாடு வேலையின் மொத்தத்தில் பத்து விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. நீங்கள் செய்ததைப் போல முழுத் தொகையையும் பெருக்கினால் 41,900 வரும். தேவையான விலையை விட ஏறத்தாழ 9,000 அலகு கூடுதலாகக் கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்?

கேள்வி: மேலே காட்டிய கணக்கில் பிவிசிக்குக் கூடும் ஏறத்தாழ மூவாயிரத்தின் மீதும் லாப விழுக்காடு வைக்கலாமா? அல்லது அடக்க விலைக்கே கொடுத்துவிடலாமா? பலகை விலை ஏறியதற்கு நீங்கள் ஏன் கூடுதல் லாபம் எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார்.

பதில்: அவர் கேட்பதில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் பலகை உங்கள் கையில் இருக்கும் வரை அதன் இழப்பும் உங்களுடையது. 20 அடிப் பலகை ஒன்றைத் தவறாக அறுத்துவிட்டால் காம்போசிட்டில் 200 அலகு போகும், பிவிசியில் 280 போகும். சேதமான பலகை, குறைந்துபோய் மறுபடி வரவழைத்த பலகை, அதற்கான வண்டிக் கூலி, பணம் வரும் வரை உங்கள் முதலீடு முடங்கிக் கிடக்கும் காலம் என எல்லாமே பொருளின் விலையோடு சேர்ந்து ஏறுகின்றன. எனவே முழு விழுக்காடு வைக்க மனம் ஒப்பாவிட்டாலும் பாதியாவது வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடக்கத்தின் மேல் 25 விழுக்காடு ஏற்றினால் விற்பனைத் தொகையில் உங்கள் லாபம் 20 விழுக்காடுதான். விற்பனைத் தொகையில் 25 விழுக்காடு வேண்டுமென்றால் அடக்கத்தின் மேல் 33⅓ ஏற்ற வேண்டும். பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆண்டு முடிவில் பணம் எங்கே போனது என்று தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பிவிசி எடை குறைவு என்பதால் கூலியும் குறையும் என்று விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 20 அடிக் காம்போசிட் பலகை சுமார் 20 கிலோ இருந்தால், அதே அளவுப் பிவிசி 14 கிலோ அளவில் இருக்கும். மாடி உயரத்தில் அமையும் தளத்துக்கோ, வண்டி நெருங்க முடியாத கொல்லைப்புறத்துக்கோ சுமந்து செல்லும்போது அந்த வேறுபாட்டைத் தோள் உணரும். ஆனால் சுமப்பதில் மிச்சமான நேரத்தில் ஒரு பகுதியைத் துப்புரவு எடுத்துக்கொள்கிறது. பிவிசியை அறுக்கும்போது வரும் வெண்சிராய் நிலைமின்னேற்றத்தால் உடை, சுவர், புல் என எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். அறுக்கும் இடத்தில் தார்ப்பாய் விரித்து, தூசி உறிஞ்சியை இணைத்துக்கொள்ளாவிட்டால் வேலை முடிந்த பிறகும் அரை நாள் சிராய் பொறுக்க வேண்டியிருக்கும். எளிய நேர்ப்பாவலில் இரண்டுக்கும் கூலியைச் சமமாகவே வைக்கிறேன்.

கேள்வி: விளிம்பைச் சுற்றிச் சட்டமிட்டது போலப் பலகை வைத்து, மூலைகளைச் சாய்வாக இணைக்கும் வேலையில் பிவிசிக்கு நீங்கள் கூடுதல் கூலி போடுவதாகக் கேள்விப்பட்டேன். ஏன்?

பதில்: பிவிசி வெப்பத்துக்கு நீண்டு சுருங்கும் அளவு அதிகம். பாகைக்குப் பத்து லட்சத்தில் சுமார் 60 பங்கு என்று கொண்டால், 20 அடிப் பலகை 30 பாகை செல்சியஸ் மாற்றத்தில் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நகரும். காம்போசிட் அந்த அளவுக்கு நகர்வதில்லை. ஆனால் அதிலுள்ள மரத்தூள் ஈரத்துக்குச் சற்று உப்பும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் நடுப்பகல் வெயிலில் பிவிசிப் பலகைகளை அறுத்து, மூலைகளை மயிரிழை கூட நுழையாதபடி இணைத்துவிட்டு, என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். குளிர்காலம் வந்ததும் அதே மூலைகளில் விரல் நுனி நுழைந்தது. திரும்பிப் போய்ச் சரிசெய்த இரண்டு நாள் கூலியை யாரிடமும் கேட்க முடியவில்லை. இப்போது பொருத்தும் நேரத்து வெப்பநிலைக்குத் தயாரிப்பாளர் குறித்த இடைவெளியைப் பார்த்தே விடுகிறேன். நீளமான பலகையை முன்தினமே வேலையிடத்தில் வைத்துச் சூழலுக்குப் பழக விடுகிறேன். மூலைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குகிறேன். கூடுதல் கூலி அந்த நேரத்துக்கு உரியது.

பிவிசிக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. அதை அதற்கென உள்ள கரைப்பான் பசையால் ஒட்ட முடியும். பாலிஎத்திலீன் கலந்த காம்போசிட்டில் பசை எளிதில் பிடிக்காது. எனவே அங்கே திருகையும் கீழ்த் தாங்கலையும் மட்டுமே நம்ப வேண்டும்.

கேள்வி: பலகையைத் தவிர நான் கணக்கில் விட்டுவிடக்கூடிய செலவுகள் எவை?

பதில்: தாங்கு சட்டங்களுக்கு இடையிலான இடைவெளியைத்தான் முதலில் பாருங்கள். நேர்ப்பாவலுக்கு மையத்துக்கு மையம் 16 அங்குலம் போதும் என்று இரண்டு வகையிலும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். பலகையைக் கோணத்தில் பாவினால் 12 அங்குலம் கேட்பார்கள். 16-இலிருந்து 12-க்கு இறங்கினால் சட்டங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றன. அதோடு நிற்பதில்லை. பலகையைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் மறைவான கிளிப், பலகை சட்டத்தைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்று வேண்டும். 16 அங்குல இடைவெளியில் 100 சதுர அடிக்குச் சுமார் 160 கிளிப் என்றால், 12 அங்குலத்தில் 210-ஐத் தாண்டும். அவற்றை முடுக்கும் நேரமும் அதே விகிதத்தில் ஏறும். கோணப்பாவலில் வெட்டுக்கழிவும் 15 விழுக்காட்டை எட்டும்.

படிகளையும் அதே கண்ணோடு பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் படிக்கட்டின் சாய்வுத் தாங்கிகளை 12 அங்குலத்துக்குள், சிலர் அதற்கும் நெருக்கமாக வைக்கச் சொல்கிறார்கள். நான்கு அடி அகலப் படிக்கு 16 அங்குலத்தில் நான்கு தாங்கிகள், 12-இல் ஐந்து, 9 அங்குலம் என்றால் ஏழு. தளத்தை நுணுக்கமாகக் கணக்கிட்டுவிட்டுப் படியை உத்தேசமாகப் போடுபவர்கள் இழப்பது இங்கேதான்.

விளிம்பை மறைக்கும் ஃபேசியா பலகை, நிறம் பொருந்திய திருகுகள், திருகுத் தலையை மூடும் அடைப்பான், சட்டத்தின் மேல் ஒட்டும் நீர்த்தடுப்பு நாடா ஆகியவற்றையும் சேருங்கள். செம்புச் சேர்மம் ஏற்றிய மரச் சட்டத்தில் சாதாரணத் திருகு அரித்துப்போகும் என்பதால் சூடான துத்தநாகக் குளியலிட்டது அல்லது துருப்பிடிக்கா எஃகு வேண்டும். கடலோரத்தில் துருப்பிடிக்கா எஃகு மட்டுமே.

கேள்வி: வெட்டுக்கழிவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: பலகைகள் பெரும்பாலும் 12, 16, 20 அடி நீளங்களில் வருகின்றன. 17 அடித் தளத்துக்கு 20 அடிப் பலகை வாங்கினால் ஒவ்வொன்றிலும் 3 அடி, அதாவது 15 விழுக்காடு, குப்பைக்குப் போகிறது. வரைபடம் உறுதியாகும் முன்னரே வாடிக்கையாளரிடம் பேசித் தளத்தை 16 அடிக்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் குறுக்கே ஒரு பிரிப்புப் பலகை வைத்து நீளத்தைப் பங்கிடலாம். பிவிசியில் இதற்கு இரட்டைப் பயன் உண்டு. கழிவு குறைவதுடன், பலகை நீளம் குறைவதால் நகர்வும் குறைகிறது. பலகை விலை ஏற ஏற, இந்த ஒரு மணி நேரப் பேச்சின் மதிப்பும் ஏறுகிறது.

கேள்வி: பழைய மரத்தளத்தின் பலகைகளை மட்டும் கழற்றிவிட்டு, இருக்கும் சட்டங்களின் மேல் புதிதாகப் பாவ வேண்டும். அங்கும் பிவிசி பத்து விழுக்காடுதான் கூடுமா?

பதில்: கூடுதலாகவே வரும். மேலே காட்டிய கணக்கில் அடிக்காலும் சட்டமும் சேர்ந்துதான் வேறுபாட்டைக் கரைத்தன. அவை ஏற்கெனவே இருக்கும்போது மொத்தத்தில் பலகையின் பங்கு பாதியைக்கூடத் தொடலாம். அப்போது 40 விழுக்காட்டு வேறுபாடு மொத்தத்தில் 20 விழுக்காடாகத் தெரியும். எனவே மறுபாவல் வேலைகளில் காம்போசிட்டையே முதலில் முன்வைக்கிறேன்.

விலை சொல்லும் முன் சட்டங்களின் இடைவெளியை அளந்துவிடுங்கள். தடித்த மரப்பலகைக்காக 24 அங்குலத்தில் வைத்த சட்டங்களின் மேல் இந்த இரண்டு பலகைகளுமே தொய்ந்துவிடும். இடையில் புதுச் சட்டம் சேர்க்கும் செலவை முதலிலேயே சொல்லாவிட்டால், பிறகு அதைக் கேட்பது வம்பாகிவிடும்.

கேள்வி: எந்த வேலையில் பிவிசியின் கூடுதல் விலை தகும்?

பதில்: நீச்சல் குளத்தின் ஓரம், நிழலில் ஈரம் காயாத இடம், தரையோடு ஒட்டிக் காற்றோட்டம் குறைந்த தளம் ஆகிய மூன்றிலும் தயங்காமல் பிவிசியைச் சொல்வேன். காம்போசிட் தயாரிப்பாளர்கள் பலகைக்குக் கீழே காற்றோட்டம் வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறார்கள். அதை நிறைவேற்ற மண்ணைத் தோண்டி வெளியேற்றும் செலவு, சில வேளைகளில் பலகையில் மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடும். வெயிலில் காலைச் சுடுமா என்பதைப் பொருளை விடப் பலகையின் நிறமே அதிகம் தீர்மானிக்கிறது. அடர்நிறம் எதுவானாலும் சுடும். மற்றபடி வழக்கமான வீட்டுத் தளத்துக்கு நல்ல உறையுள்ள நடுத்தரக் காம்போசிட் போதும் என்பது என் கருத்து.

கேள்வி: பிவிசிக்கு உத்தரவாதக் காலம் அதிகம் என்பதால் எனக்குப் பிற்காலச் செலவு குறையுமா?

பதில்: உத்தரவாதம் பெரும்பாலும் பலகைக்குத்தான், அதைக் கழற்றி மாட்டும் கூலிக்கு இல்லை. அந்தக் கூலி உங்கள் தலையில்தான் விழும். எனவே ஒப்பந்தத் தொகையில் ஒன்றிரண்டு விழுக்காட்டைத் திரும்பிச் செல்லும் வேலைகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். தயாரிப்பாளரின் பொருத்தும் கையேட்டிலிருந்து விலகினால் உத்தரவாதம் செல்லாது என்பதால், சட்ட இடைவெளியையும் காற்றோட்டத்தையும் பலகை பாவும் முன் படமெடுத்துக் கோப்பில் வைப்பது நல்லது. இத்தகைய பலகைகளுக்கான ஏஎஸ்டிஎம் டி7032 என்ற தரநிலைப்படி சோதித்த பலகைதானா என்பதையும், எந்த இடைவெளிக்கு எவ்வளவு சுமை தாங்கும் என்ற அறிக்கையையும் வாங்கும்போதே கேளுங்கள்.

கேள்வி: செலவைக் குறைக்க நடுவில் காம்போசிட்டும் விளிம்பில் பிவிசியும் கலந்து பாவலாமா?

பதில்: நான் பாவ மாட்டேன். இரண்டும் வெவ்வேறு அளவில் நகர்வதால் சந்திக்கும் கோட்டில் இடைவெளி சீராக நிற்காது. தடிமனும் தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று வேறுபடுவதால் விளிம்பில் கால் தட்டும். ஃபேசியாவுக்கு மட்டும் பிவிசியைப் பயன்படுத்தலாம், அங்கே யாரும் நடப்பதில்லை.