கச்சேரி கேட்பதும் பாடம்தான்: தண்டையார்பேட்டை அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகள் பி.ஏ. இசை முதலாம் ஆண்டு படிக்கிறாள், வாரத்தில் இரண்டு நாள் கச்சேரி என்று கிளம்பிவிடுகிறாள், வீடு திரும்ப ஒன்பதரை ஆகிறது, கேட்டால் "காலேஜ்ல ரெக்கார்டு நோட்டு எழுதச் சொல்லியிருக்காங்க" என்கிறாள். இதெல்லாம் படிப்பா, ஊர் சுற்றலா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா என்ற கவலையும் கடிதத்தில் தெரிகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அவள் சொல்வதை நம்புங்கள். கச்சேரி கேட்டுவிட்டு வந்து எழுதச் சொல்வது இசை ஆசிரியர்களின் வழக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இசை மாணவர்கள் ஒரு பருவத்துக்கு இத்தனை நிகழ்ச்சிகள் கேட்டே ஆக வேண்டும் என்று விதியே உண்டு. அதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் கேட்காவிட்டால் பட்டம் நின்றுவிடும். நம் ஊரில் அவ்வளவு கறார் இல்லை. அதனாலேயே பல பிள்ளைகள் நண்பர்களிடம் பாட்டுப் பட்டியலை வாங்கி நோட்டை நிரப்பிவிடுகிறார்கள். உங்கள் மகள் நேரில் போய் உட்காருகிறாள் என்றால் எனக்கு அது சந்தோஷமான செய்தி.

வகுப்பில் கல்யாணி ராகம் சொல்லித் தருவார்கள். ஸ்வரங்கள் ஏறும் ஆரோகணம், இறங்கும் அவரோகணம், ஒரு வர்ணம், ஒரு கீர்த்தனை. சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் மத்திமம் என்ற 'ம' ஸ்வரம் ஒன்றுதான் வேறு என்று பரீட்சையில் எழுதிவிடலாம். ஆனால் மேடையில் ஒருவர் ராகத்தின் பெயரைச் சொல்லாமல், பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையைத் தொடங்கும்போது, அது எது என்று தானாகக் கண்டுபிடிக்கும் காது வகுப்பறையில் மட்டும் வளராது. அப்புறம் மேடையில் நடக்கும் மற்ற வேலைகள். ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் நிரவலுக்கு எந்த வரியை எடுக்கிறார், வயலினுக்கு எங்கே இடம் விடுகிறார், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மிருதங்கமும் கடமும் மோரா என்ற முடிப்பை வாசித்து வரும்போது பாடகர் எப்படிச் சரியான எடுப்பில், அதாவது தாளத்தில் வரி தொடங்கும் இடத்தில், வரியைப் பிடிக்கிறார், மைக்கில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்றால் பாட்டை நிறுத்தாமல் ஒலிக்காரருக்கு எப்படிக் கை காட்டுகிறார். வீடியோவில் பாடுபவரின் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருப்பார்கள். நேரில் போனால் பக்கவாத்தியக்காரரின் கண் எங்கே போகிறது என்பதும் தெரியும். நாளைக்கு உங்கள் மகள் மேடை ஏறினால் அவளுக்குக் கைகொடுக்கப்போவது இந்தக் கவனிப்புதான்.

கச்சேரி என்றாலே மயிலாப்பூர், தி.நகர் என்று நினைத்து, "அவ்வளவு தூரம் ஏன்?" என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் சபாக்கள் முதலில் வேரூன்றியது உங்கள் பக்கத்து ஜார்ஜ் டவுனில்தான். வீணை தனம்மாள் வாழ்ந்ததும் அங்கேதான். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வீணை கேட்பதற்கென்றே பெரிய வித்வான்கள் வந்து உட்காருவார்களாம். இன்றைக்கும் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது. 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் இடம் அது. டிசம்பரில் அவர்கள் நடத்தும் இசை விழாவில் கச்சேரிகளோடு, பழந்தமிழ் ராகங்களான பண்களைப் பற்றிய பண் ஆராய்ச்சியும் உண்டு. இசை படிக்கிற பெண் தவறவிடக் கூடாதது அந்தப் பண் ஆராய்ச்சி. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம்.

இன்னும் பக்கத்தில் திருவொற்றியூர். அங்கே கோயில் கொண்டிருக்கும் வடிவுடையம்மனைத் திரிபுரசுந்தரி என்று விளித்துத் தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அதில் ஒன்று கல்யாணி, மற்றவை பேகடை, ஆரபி, சாவேரி, சுத்த சாவேரி. மூவர் தேவாரமும் பெற்ற தலம் அது. மாசிப் பிரம்மோற்சவத்தில் நாகஸ்வரமும் தவிலும் கேட்க அவள் போகட்டும். சுவாமி புறப்பாட்டில் நடந்துகொண்டே வாசிப்பவர் எங்கே மூச்செடுக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓதுவார் தேவாரம் பாடும்போது தாளம் இல்லாத இடத்தில் சொல் எப்படி நிற்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். இது அவள் ரெக்கார்டு நோட்டில் நாலு பக்கம் பெறும்.

கானாவை விட்டுவிடாதீர்கள். வட சென்னைப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் கானாவைச் சொல்லவே கூச்சப்படுவதைப் பார்க்கிறேன், எனக்கு அதில் வருத்தம் உண்டு. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவர் இறந்தவரின் பெயரையும் ஊரையும் உறவையும் அந்த இடத்திலேயே பாட்டில் கோத்து, தாளம் பிசகாமல் கொண்டுபோகிறார். மேடையிலேயே கற்பனை செய்து பாடுவதை மனோதர்மம் என்று வகுப்பில் படிக்கிறார்களே, அதன் இன்னொரு முகம் இது. டிசம்பரில் ராயபுரம் பக்கத்துத் தேவாலயங்களில் பாடகர் குழு நான்கு குரல் பிரித்துப் பாடும். அதையும் ஒருமுறை கேட்டால், ஒற்றை மெட்டுக்குப் பழகிய காதுக்கு ஒத்திசை என்றால் என்னவென்று புரியும்.

நோட்டு எழுதும் முறையை அவளிடம் கேட்டுப் பாருங்கள். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர் என்று நாலு கட்டம் போட்டு நிரப்பினால் ஆசிரியர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். ஒரு கச்சேரியில் ஒரே ஒரு பாட்டை மட்டும் எடுத்து விரிவாக எழுதச் சொல்லுங்கள். எடுப்பு எங்கே, எந்த வரியில் நிரவல், ஆலாபனை எவ்வளவு நேரம், தனக்குப் புரியாத இடம் எது. அந்தப் புரியாத இடத்தை மறுநாள் ஆசிரியரிடம் கொண்டுபோய்ப் பாடிக் காட்டிக் கேட்க வேண்டும். ஓர் ஆண்டு இப்படிச் செய்தவளுக்கும் செய்யாதவளுக்கும் உள்ள வித்தியாசம் வாய்மொழித் தேர்வான வைவாவில் தெரிந்துவிடும்.

சரி, வேலை. மேடைக் கச்சேரியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம், வருமானம் பிடிபட வருடக்கணக்கில் ஆகும். பெரும்பாலானோருக்குக் கற்பித்தல்தான் நிலையான வருமானம். கேந்திரிய வித்யாலயா தொடக்கப் பள்ளிகளில் இசை ஆசிரியர் பணி உண்டு, அதற்கு இசைப் பட்டம் வேண்டும், பிளஸ் டூவில் ஐம்பது சதவீதமும் வேண்டும். முதுகலை முடித்தால் யு.ஜி.சி. நெட் தேர்வை இசைப் பாடத்தில் எழுதிக் கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போகலாம். ஆகாஷவாணியில் குரல் தேர்வு வைத்து பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் தருகிறார்கள். அந்தத் தரம் கையில் இருந்தால் சபாக்காரர்களும் தேடி வரும் மாணவர்களும் மதிப்பார்கள். தேவாரத்தில் நாட்டம் இருந்தால் ஓதுவார் பயிற்சி உண்டு. 2021-இல் தமிழக அரசு பெண் ஓதுவாரையும் நியமித்திருக்கிறது. மேடையை விட ஒலிக்காரரின் பெட்டிதான் அவளை இழுக்கிறது என்றால் தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் படிப்பு இருக்கிறது. இவற்றில் எதற்குப் போனாலும் நிறையக் கேட்டுப் பழகிய காதைத்தான் தேடுவார்கள்.

செலவுக்கும் நேரத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். மார்கழியில் பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. அவளை விடச் சற்றே மூத்தவர்கள்தான் அதில் பாடுவார்கள். முதலாண்டு மாணவிக்கு அதுவே அதிகம் சொல்லிக்கொடுக்கும், ஏனென்றால் எட்டிப்பிடிக்கக்கூடிய தூரத்தில் அவர்கள் இருக்கிறார்கள். மதியம் போனால் இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம். மாலைக் கச்சேரி மாதம் இரண்டு போதும், வகுப்புத் தோழிகளோடு சேர்ந்து போகட்டும், எந்த சபா, யார் கூட, எந்த ரயில் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். முதல் மாலைக்கு நீங்களும் கூடப் போங்கள் அம்மா. உங்களுக்கு ராகம் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், அது பரவாயில்லை. அங்கே யார் வருகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இன்னொன்று. மத்தியக் கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை தருகிறது. குருவிடம் ஐந்து ஆண்டுகளாவது கற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பாட்டு கற்றதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசிரியரிடம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று தெளிவாக எழுதி ஒரு சான்று இப்போதே வாங்கி வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் நேரம் போதாது.