இருபத்தைந்து ஆண்டு ஸ்காட்சும் இரண்டு ஐஸ் கட்டியும்

கேள்வி: எனக்கு வயது 61. எடின்பரோவில் வேலை பார்க்கும் என் மருமகன் விடுமுறையில் வந்தபோது கிளென்ஃபார்க்லாஸ் 25 ஆண்டு சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி) ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்ட பிறகு ஒரு லார்ஜ் ஊற்றி, இரண்டு ஐஸ் கட்டி போட்டுக் குடித்தேன். மரச்சுவையும் கசப்பும்தான் தெரிந்தன. வழக்கமாகச் சோடாவுடன் குடிக்கும் விஸ்கியே தேவலை என்று தோன்றியது. மருமகனிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இதை எப்படிக் குடிப்பது? திறந்த பாட்டில் எவ்வளவு காலம் தாங்கும்?

பதில்: பாட்டிலிலும் பழுதில்லை, உங்கள் நாக்கிலும் பழுதில்லை. பிரியாணி, லார்ஜ், ஐஸ் மூன்றும் கூட்டுச் சேர்ந்துகொண்டு அந்த விஸ்கியை வாய் திறக்கவிடாமல் செய்துவிட்டன.

பிரியாணியிலிருந்தே தொடங்குகிறேன். மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு முனைகளைத்தான் ஆல்கஹாலும் சீண்டுகிறது. காரம் ஏறிய வாயில் 43 சதவீத ஆல்கஹாலை ஊற்றினால் எரிச்சல்தான் முன்னே வந்து நிற்கும். அடுத்தது ஐஸ். மணம் என்பது திரவத்திலிருந்து ஆவியாகி மூக்கை எட்டுகிற மூலக்கூறுகள். குளிரில் அவை எழும்புவதில்லை. குளிர்ந்த நாக்கு இனிப்பையும் குறைவாகவே உணரும். உருகிப்போன ஐஸ்கிரீம் ஏன் திகட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மணமும் இனிப்பும் ஒதுங்கிக்கொண்டால் மிஞ்சுவது ஓக் மரத்தின் துவர்ப்பும் கசப்பும்தான். உங்களுக்குத் தெரிந்ததும் அதுவே. லார்ஜைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த மரச்சுவை வந்த வழி தெரிந்தால் அதன்மேல் உங்களுக்குக் கொஞ்சம் பரிவு வரும். கிளென்ஃபார்க்லாஸ் வடிசாலை ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில், பென் ரின்னஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அந்தப் பெயருக்குப் பசும்புல் பள்ளத்தாக்கு என்று பொருள். 1836இல் உரிமம் பெற்ற வடிசாலை. 1865இல் ஜான் கிராண்ட் வாங்கியதிலிருந்து இன்றுவரை அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பெரும்பாலானோர் சாராயம் வடிக்கும் செம்புப் பானைகளை நீராவியால் சூடாக்குகிறார்கள். இவர்கள் பானைக்கு அடியிலேயே எரிவாயு நெருப்பு வைக்கிறார்கள். 1981இல் ஒரு பானைக்கு நீராவி கொடுத்துப் பார்த்தார்கள். வடிந்த சாராயம் வலுவற்று இருந்ததால் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். விறகடுப்புச் சமையலுக்கும் குக்கர் சமையலுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கனமாக வடித்த சாராயம்தான் கால் நூற்றாண்டு மரத்தோடு கிடந்தும் தன் முகத்தை இழக்காமல் இருக்கும்.

பிறகு பீப்பாய். சட்டப்படி, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது மூன்று ஆண்டு கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் விஸ்கி என்ற பெயர். லேபிளில் உள்ள 25 என்பது உள்ளே இருப்பவற்றில் மிக இளைய விஸ்கியின் வயது. பீப்பாயில் கிடக்கும் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போய்விடும். ‘தேவதைகளின் பங்கு’ என்பது அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர். கணக்குப் போட்டால், உங்கள் பாட்டில் வந்த பீப்பாயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தேவதைகள் குடித்துத் தீர்த்திருப்பார்கள். குளிரும் ஈரமுமான அந்தக் கிடங்குகளில் தண்ணீரை முந்திக்கொண்டு ஆல்கஹால் வெளியேறுவதால், ஆண்டு ஏற ஏற விஸ்கியின் வீரியமும் தணிகிறது. பெங்களூரில் சிங்கிள் மால்ட் வடிக்கும் அம்ருத் வடிசாலையில் இந்த இழப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்தைத் தாண்டும். அங்கே 25 ஆண்டு வைத்தால் முகர்ந்து பார்க்கத்தான் மிஞ்சும்.

கிளென்ஃபார்க்லாஸ் பெரிதும் நம்பியிருப்பது ஸ்பெயினின் ஓலோரோசோ ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாய்களை. உலர்திராட்சை, பேரீச்சை, அக்ரூட், ஆரஞ்சுத் தோல் என்று இந்த விஸ்கியில் நீங்கள் தேட வேண்டியவை பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. நிறமும் பீப்பாய் கொடுத்ததுதான். கேரமல் நிறமி சேர்க்கச் சட்டம் இடம் கொடுத்தும் இந்த வடிசாலை சேர்ப்பதில்லை. மற்றபடி நிறத்தைப் பார்த்து எந்த விஸ்கியின் வயதையும் எடை போடாதீர்கள். புகைமணத்தையும் இதில் தேட வேண்டாம். அது லகாவுலின், லஃப்ராய்க், ஆர்ட்பெக் போன்ற ஐலா தீவின் வடிசாலைகள் பீட் எனப்படும் மக்கிய தாவர மண்ணை எரித்து பார்லியை உலர்த்துவதால் வருவது.

வயது கூடினால் தரமும் கூடும் என்பதை நான் முழுதாக ஏற்பதில்லை. பலமுறை பயன்படுத்திச் சோர்ந்துபோன பீப்பாயில் முப்பது ஆண்டு கிடந்தும் வெறும் தண்ணீர்போல் வந்த விஸ்கியைக் குடித்திருக்கிறேன். மரம் மிஞ்சிப்போய்த் தேநீர்த் தூளை மென்றதுபோல் இருந்ததும் உண்டு. முதிர்ந்த விஸ்கியின் விலையில் பெரும்பகுதி அது அரிதாகக் கிடைப்பதற்குக் கொடுப்பது. உங்கள் பாட்டில் அந்த வகையில் நல்ல இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி செய்முறை. சாப்பாட்டுக்கு முன்பு, மாலை ஆறு ஏழு மணிக்கு உட்காருங்கள். பக்கத்தில் ஊதுபத்தி, வாசனைத் திரவியம், தாளிப்பு மணம் எதுவும் வேண்டாம். அடிப்பகுதி உப்பி வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். இதற்கென்றே 2001இல் சந்தைக்கு வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் கிடைத்தால் நல்லது; இல்லாவிட்டால் சிறிய ஒயின் கிளாஸ் போதும். வாய் அகன்ற கனத்த விஸ்கி டம்ளர் ஐஸுக்காக வந்தது, அதில் மணம் தங்காது. 20 மில்லி ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஸ்காட்லாந்துப் பப்புகளிலேயே ஒரு அளவு என்பது 25 அல்லது 35 மில்லிதான். நீங்கள் ஊற்றிய 60 மில்லி லார்ஜின் பாதியைத் தாண்டும்போதே மூக்கும் நாக்கும் மரத்துவிடும், மீதியை ருசிப்பது யார்? உங்கள் வயதில் இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இந்த 20 மில்லியைப் பற்றியும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு திருத்தம் உண்டு. ‘அறை வெப்பநிலையில் குடிக்கவும்’ என்று எழுதுகிறவர்கள் மனத்தில் வைத்திருப்பது ஸ்காட்லாந்து அறையை, அதாவது 18 அல்லது 20 டிகிரியை. கோடையில் நம் வீட்டுக் கூடம் 33 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு எழுந்து மூக்கைக் குத்தும். ஏ.சி. அறையில் குடியுங்கள், இல்லையென்றால் ஊற்றுவதற்கு முன் பாட்டிலைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் நிறுத்தி எடுங்கள். ஐஸ் செய்யும் கெடுதல் இதில் இல்லை.

ஊற்றியதும் குடிக்காதீர்கள். பதினைந்து நிமிடமாவது கிளாஸ் சும்மா இருக்கட்டும். இருபத்தைந்து ஆண்டு அடைபட்டுக் கிடந்தது, சற்று மூச்சு விட்டுக்கொள்ளட்டும். பிறகு கிளாஸை முகவாய்க்கு அருகே கொண்டுவந்து, வாயை இலேசாகத் திறந்தபடி முகருங்கள். வாய் திறந்திருந்தால் ஆல்கஹாலின் குத்தல் குறையும். ஒயினைப்போல் வேகமாகச் சுழற்றி மூக்கை உள்ளே நுழைக்கிற தவறை என் முதல் முயற்சியில் செய்தேன். கண்ணில் நீர் வந்ததுதான் கண்ட பலன், அடுத்த பத்து நிமிடத்துக்கு எந்த மணமும் தெரியவில்லை.

என்ன மணம் என்று எப்படிச் சொல்வது? பலரும் தயங்குவது இந்த இடத்தில்தான். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் கிறிஸ்துமஸ் கேக்கையும் மார்மலேடையும் ஹெதர் பூத் தேனையும் வைத்து வருணிக்கிறார்கள். அவர்கள் வளர்ந்த சமையலறை அது. நீங்கள் உங்களுடைய சமையலறையிலிருந்து தொடங்குங்கள். கிராம்பு தெரிகிறதா? அது கற்பனை அல்ல. கிராம்புக்கு மணம் தருகிற யூஜினால் என்ற பொருள் ஓக் மரத்திலும் இருக்கிறது. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின், ஓக் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளிலிருந்து பிறக்கிறது. தேங்காய் மணம் தரும் லாக்டோன்களும் ஓக்கில் உண்டு; அமெரிக்க ஓக்கில் கூடுதலாகவே உண்டு. பஞ்சாமிர்தம், கருப்பட்டிப் பாகு, நெய்யில் வறுத்த முந்திரி, பாட்டி வீட்டு மரப்பெட்டியைத் திறந்த மணம் என்று எது தோன்றுகிறதோ அதைத் துணிந்து சொல்லுங்கள், முடிந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதலில் ஒன்றுதான் தெரியும். ஐந்து நிமிடம் கழித்து முகர்ந்தால் வேறொன்று வந்து நிற்கும். முதிர்ந்த விஸ்கிக்கும் இளைய விஸ்கிக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் காண்பது இந்த மாற்றத்தைத்தான்.

இப்போது ஒரு சிறு மிடறு, ஒரு தேக்கரண்டியில் பாதி. நாக்கு பழகுவதற்கான மிடறு இது, எரித்தால் கவலைப்படாதீர்கள். இரண்டாவது மிடறை உடனே விழுங்காமல் பத்து விநாடி வாயில் உருட்டுங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். தொண்டைப் பின்புறமாக மணம் மூக்குக்கு ஏறும். ‘சுவை’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அதன் பிறகு எவ்வளவு நேரம் அந்தச் சுவை தங்குகிறது என்று கவனியுங்கள். நல்ல முதிர்ந்த மால்ட் விழுங்கிச் சில நிமிடங்கள் கழித்தும் போக மனமில்லாமல் நிற்கும். துவர்ப்பு அப்போதும் இருக்கும், ஆனால் பாக்கின் துவர்ப்பைப்போல இனிப்போடு சேர்ந்து இருக்கும்.

தண்ணீர் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மருமகனின் நண்பர்கள் யாராவது ‘சேர்ப்பது பாவம்’ என்று சொல்லியிருக்கக்கூடும். பாவமில்லை. விஸ்கி கலக்கும் நிபுணர்களே ஆல்கஹால் 20 சதவீதமாகக் குறையும்வரை நீர்த்துத்தான் முகர்கிறார்கள். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இருவர் கணினிப் போலச்செய்தல் மூலம் இதற்கு ஒரு காரணம் காட்டினார்கள்: தண்ணீர் சேர்த்து ஆல்கஹால் குறையும்போது, புகைமணம் தரும் குவாயகால் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது. அவர்கள் ஆராய்ந்தது ஒரே ஒரு மணப்பொருளை. மற்றவற்றுக்கு உங்கள் மூக்கே சோதனைக்கூடம். இரண்டு கிளாஸில் பத்துப் பத்து மில்லி ஊற்றி, ஒன்றில் மட்டும் அரைத் தேக்கரண்டித் தண்ணீர் விட்டு மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். 43 சதவீதம் அப்போது 34 அளவுக்கு இறங்கியிருக்கும், அதற்கு மேல் நீர்க்க வேண்டாம். முதிர்ந்த விஸ்கி சிறிது அதிகமான தண்ணீரிலேயே தளர்ந்துவிடும். தண்ணீர் குளோரின் வாடை இல்லாததாக இருக்க வேண்டும். சோடாவை உங்கள் பழைய விஸ்கிக்கே வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை.

குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் மறுநாள் காலை முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் போய் மரமும் பழமும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

பாட்டில் விஷயம் எளிது. கண்ணாடிக்குள் போன பிறகு விஸ்கிக்கு வயது ஏறாது, திறக்காமல் வைத்தால் பல்லாண்டு அப்படியே இருக்கும். திறந்த பிறகு உள்ளே புகும் காற்றுதான் எதிரி. முக்கால் பாட்டில் இருக்கும்வரை ஓராண்டுக்குக் கவலை இல்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் சில மாதங்களில் முடித்துவிடுங்கள், அல்லது சுத்தமான சிறிய பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடுங்கள். வெயில் படாத அலமாரியில் நிறுத்தியே வையுங்கள். ஒயின்போல் படுக்க வைத்தால் வீரியமான ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். அழகான வெட்டுக் கண்ணாடிக் குடுவைகளில் மாற்றி வைக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், அவற்றின் மூடி காற்றைத் தடுப்பதில்லை.

மருமகனிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அதே வடிசாலையின் 10 ஆண்டு விஸ்கியில் 50 மில்லி சிறு பாட்டில் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். இரண்டையும் அருகருகே ஊற்றி இருவரும் முகர்ந்து பார்க்கலாம். பிரியாணியை அதற்குப் பிறகு பரிமாறச் சொல்லுங்கள்.