கதையா, மாடியா?

கேள்வி: ஆங்கிலத்தில் கதையையும் 'ஸ்டோரி' என்கிறார்கள், கட்டடத்தின் தளத்தையும் 'ஸ்டோரி' என்கிறார்கள். இரண்டுக்கும் உறவு உண்டா? வரலாற்றைக் குறிக்கும் 'ஹிஸ்டரி'யும் இவற்றோடு சேர்ந்ததுதானா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம். ஆனால் அந்தத் தாய்ச்சொல்லுக்குக் கதை என்ற பொருள் தொடக்கத்தில் கிடையாது. பண்டைக் கிரேக்கத்தில் 'ஹிஸ்தோர்' என்பவர் விவரம் அறிந்தவர், வழக்கில் நியாயம் சொல்பவர்; 'ஹிஸ்தோரியா' என்றால் விசாரித்து அறிதல். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தம் நூலின் முதல் வாக்கியத்திலேயே இச்சொல்லை இந்தப் பொருளில்தான் ஆள்கிறார். 'காணுதல், அறிதல்' என்னும் பொருளுடைய இதன் இந்தோ-ஐரோப்பிய (கிரேக்கத்துக்கும் வடமொழிக்கும் பொதுவான மூலமொழி) வேரிலிருந்தே வடமொழியின் 'வேத'மும் 'வித்தை'யும் கிளைத்தன என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கும், அங்கிருந்து பழைய பிரெஞ்சுக்கும் சென்ற சொல், 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அவர்களது பிரெஞ்சின் வழியே, முதல் அசையை உதிர்த்துவிட்டு 'ஸ்டோரி'யாக ஆங்கிலத்துக்கு வந்தது. முழு உருவத்தோடு 'ஹிஸ்டரி'யும் பின்னர் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே வழங்கின. நடந்ததற்கு ஒன்று, புனைந்ததற்கு ஒன்று என்ற பாகப்பிரிவினை மெல்ல மெல்லத்தான் ஏற்பட்டது. பிரெஞ்சில் இன்றுவரை அந்தப் பிரிவினையே இல்லை. 'இஸ்த்வார்' என்ற ஒரே சொல் வரலாறும் ஆகும், கதையும் ஆகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆங்கில 'ஸ்டோரி'க்குப் பொய் என்ற பொருளும் வந்துவிட்டது. நாம் 'கதை விடாதே' என்று சொல்வதில்லையா, அதுபோலத்தான். விசாரித்து அறிந்ததைக் குறித்த சொல் பொய்க்குப் பெயரானபின், பத்திரிகையாளர்கள் தாங்கள் விசாரித்து எழுதும் செய்திக்கு அதையே வைத்துக்கொண்டது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

இனி மாடிக்கு வருவோம். இடைக்கால இங்கிலாந்தின் லத்தீன் ஆவணங்களில் கட்டடத்தின் தளமும் 'ஹிஸ்தோரியா' எனப்படுகிறது. கட்டட முகப்பில் கதைக் காட்சிகளைக் காட்டும் ஓவியச் சாளரங்களோ சிற்பங்களோ வரிசை வரிசையாக அமைந்திருந்ததால், வரிசையின் பெயர் நாளடைவில் தளத்துக்கே ஆகிவந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பிரிட்டிஷார் மாடியைக் குறிக்கும்போது கடைசி எழுத்துக்கு முன் ஓர் 'ஈ' சேர்த்து எழுதி வேறுபடுத்துகிறார்கள். அமெரிக்கர் அந்தச் சிரமத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அவர்கள் எழுத்தில் 'டென் ஸ்டோரீஸ்' என்று கண்டால், பத்துக் கதைகளா, பத்து மாடிகளா என்பதைச் சூழலை வைத்துத்தான் அறிய வேண்டும்.