தாத்தா பேத்தியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. கூட்டுக் குடும்பம். என் மாமனார் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி என்றால் உயிர். தினமும் சாயங்காலம் அவளை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பார். அவளும் கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். கொழுந்தன் கிச்சுகிச்சு மூட்டினால் விக்கல் வரும்வரை விடமாட்டார். வருகிறவர் போகிறவர் எல்லாம் வாயிலேயே முத்தம் கொடுக்கிறார்கள். தூக்கிப் போட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மாமியாரோ, "எங்க பிள்ளைகளை எல்லாம் இப்படித்தானே வளர்த்தோம்" என்கிறார். இன்னொன்று: மாதம் ஒருமுறை வரும் என் அப்பாவைப் பார்த்தால் மட்டும் குழந்தை வீறிட்டு அழுகிறாள். அவர் மனசு வாடிப் போகிறார். இது ஏதாவது பிரச்னையா? மாமனாரிடம் எப்படிச் சொல்வது?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் அந்த வீடியோ விஷயத்தை முடித்துவிடுவோம். நீங்கள் பார்த்தது 'குலுக்கப்பட்ட குழந்தை' பாதிப்பைப் பற்றியதாக இருக்கும். அழுகையை நிறுத்த முடியாத ஆத்திரத்தில் ஒரு பெரியவர் குழந்தையின் தோளையோ மார்பையோ பிடித்து முன்னும் பின்னும் வேகமாக உலுக்கும்போது வருவது அது. குழந்தைக்குத் தலை கனம், கழுத்துத் தசைக்கோ பலம் போதாது. உலுக்கும்போது மூளையைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் அறுந்து கசிகின்றன. கண்ணின் விழித்திரையிலும் ரத்தம் கசியும். மடியில் வைத்துக் குதிக்க விடுவதாலோ, தாத்தா சிரித்துக்கொண்டே தூக்கி இறக்குவதாலோ இந்தக் காயம் வருவதில்லை. இதுவரை நடந்ததை நினைத்துப் பயப்பட வேண்டாம். நன்றாகச் சிரித்து, பால் குடித்து, உட்காரப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஓட வேண்டியதும் இல்லை.

ஆனாலும் தூக்கிப் போடுவதை நிறுத்தச் சொல்வேன். என் பயம் மின்விசிறி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர உயரமுள்ள ஒருவர் கையை உயர்த்திக் குழந்தையை அக்குளில் பிடித்தால் பிடி ஆறரை, ஏழு அடி உயரத்தில் இருக்கும். அதற்கு மேல் குழந்தையின் தலை முக்கால் அடி. கையை விடாமலேயே ஏழரை அடி ஆகிவிட்டது. பத்தடி உயரக் கூரையில் தொங்கும் விசிறியின் இறக்கை எட்டரை, ஒன்பது அடியில் சுற்றுகிறது. நடுவில் மிஞ்சுவது ஓர் அடி சொச்சம்தான். தூக்கிப் போட்ட குழந்தையோ கட்டிலில் ஏறி நின்று தூக்கிய குழந்தையோ விசிறியில் தலை அடிபட்டு வருவதை நம் நாட்டில் குழந்தை மருத்துவர்களும் மூளை நரம்பு அறுவை மருத்துவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மண்டையோடு உடைந்து உள்ளே போகும் அளவுக்கு அடி விழும். தூக்குகிறவர் குழந்தையின் முகத்தைப் பார்ப்பாரே தவிர, விசிறியைப் பார்ப்பதில்லை. உறவினர் வீட்டில் கூரை இன்னும் தாழ்வாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது பிடி. ஏழு மாதக் குழந்தை ஏழு, எட்டு கிலோ இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அன்று வழுக்கும். ஒரு நொடி உடம்பைத் திருப்பிவிடும். வயதானவருக்குத் தோள் சட்டெனப் பிடித்துக்கொள்வதும், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நிமிர்ந்து பார்க்கும்போது தலை சுற்றுவதும் சாதாரணம். உங்கள் மாமனாருக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை.

ஒருவேளை குழந்தை எப்போதாவது உயரத்திலிருந்து விழுந்துவிட்டால் வீட்டில் வைத்து வேடிக்கை பார்க்காமல் மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, தலையில் மெத்தென்ற வீக்கம், உச்சிக்குழி புடைப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

சரி, தாத்தா என்னதான் செய்வார்? கையை விடாமல் நெஞ்சுயரம் வரை தூக்கி மெல்ல இறக்கலாம். பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மடக்கிய முழங்காலில் அவளைச் சாய்த்து உட்கார வைத்து ஆட்டலாம். அவளுக்கு அந்தச் சந்தோஷம் உயரத்தில் இல்லை. 'போகப் போகிறது, போகப் போகிறது... போச்சு!' என்று தாத்தாவின் குரல் ஏறி இறங்குவதிலும், அவர் முகம் கிட்டே வந்து விலகுவதிலும்தான் இருக்கிறது. அந்தக் குரலைத் தரையிலும் போடலாமே.

கைகளைப் பிடித்து ஊஞ்சல் ஆட்டுவது மட்டும் வேண்டாம். இன்னும் கொஞ்ச நாளில் அவள் நிற்கத் தொடங்கியதும் யாராவது ஆசையாக ஆரம்பிப்பார்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். முழங்கை மூட்டில் உள்ள ஓர் எலும்பு அதைச் சுற்றியிருக்கும் வளையத்திலிருந்து நழுவிவிடும். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இது மிகச் சகஜம். குழந்தை அந்தக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசைக்கவே விடாது. உடனே சுளுக்கு எடுக்கிறவரிடமோ, எண்ணெய் போட்டு உருவிவிடவோ போகாதீர்கள். டாக்டர் ஒரே நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.

இனி கொழுந்தனும் கிச்சுகிச்சும். விக்கலால் ஆபத்து எதுவும் இல்லை. சிரிக்கும்போது காற்றை விழுங்குவதால் வருவது. பால் குடித்து அரைமணி நேரமாவது ஆகியிருந்தால் கக்குவதும் குறையும். எனக்கு விக்கலைவிட முக்கியமாகத் தோன்றுவது, அதற்கு முன்னால் அவள் முகத்தில் நடப்பது. அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முதலில் சித்தப்பாவின் கண்ணைப் பார்த்துச் சிரிப்பாள்; கால் உதைக்கும், வாய் அகலமாகத் திறந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் பார்வை அவர் முகத்தை விட்டு நழுவிச் சுவருக்கோ டியூப் லைட்டுக்கோ போகும். அப்புறம் தலை ஒரு பக்கமாகத் திரும்பும், முதுகு வில்லாக வளையும், விரல்கள் இறுகும். ஆனால் சிரிப்புச் சத்தம் மட்டும் அப்போதும் வந்துகொண்டே இருக்கும். சிரிப்பு நிற்கவில்லையே என்று அவர் தொடர்வார். கிச்சுகிச்சு மூட்டினால் வருகிற சிரிப்பில் பாதி உடம்பு தானாகச் சிரிப்பது. பிடிக்காதவர்களுக்கும் அது வரும். உங்களுக்கே தெரிந்திருக்குமே, 'போதும் விடு' என்று கெஞ்சிக்கொண்டே சிரிப்போம். அவளுக்குக் கெஞ்சத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு முறை மூட்டியதும் கையை அவள் வயிற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். அவள் அந்தக் கையையே பார்த்து, காலை உதைத்து, நெஞ்சைத் தூக்கி வந்தால் இன்னொரு முறை வேண்டும் என்று அர்த்தம். முகத்தைத் திருப்பினால், கொட்டாவி விட்டால் ஆட்டம் முடிந்தது. இப்படி விளையாடினால் கொழுந்தனுக்கே சுவாரசியம் கூடும், ஏனென்றால் அந்தக் காத்திருப்பிலேயே அவள் சிரிக்கத் தொடங்கிவிடுவாள்.

குழந்தை தன் முறைக்காகக் காத்திருக்கிறது, பதில் எதிர்பார்க்கிறது என்பதை எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனையில் காட்டினார். தாய் வழக்கம்போலக் குழந்தையைக் கொஞ்சுவார். பிறகு இரண்டு, மூன்று நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் வெறுமனே பார்ப்பார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், சத்தம் கொடுக்கும், கையை நீட்டும். ஒன்றும் பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். சில மாதக் குழந்தைக்கே இது தெரிகிறது. நாம் ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் செல்போனுமாக உட்கார்ந்திருக்கும்போது நம் முகம் ஏறக்குறைய அந்த இரண்டு நிமிட முகம்தான். உங்கள் வீட்டில் தாத்தாவும் சித்தப்பாவும் குழந்தையோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது, என்னைக் கேட்டால், கொடுப்பினை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் ஊர்க் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு வயது வரைக்கும் வேண்டாம் என்கிறது.

முத்தத்துக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் கறார். கன்னம், உச்சி, உள்ளங்கால், முதுகு என்று முத்தமிட எவ்வளவோ இடம் இருக்கிறது. வாய் மட்டும் வேண்டாம், வீட்டாருக்கும் சேர்த்துத்தான். உதட்டோரம் சின்னக் கொப்புளம் இருக்கிறவர்கள் அது காய்ந்து உதிரும்வரை எங்கேயும் முத்தமிடக் கூடாது. அது ஹெர்பீஸ் வைரஸ். பிறந்து ஒரு மாதத்துக்குள் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். ஆனாலும் இந்த வயதில் தொற்றினால் வாய் முழுக்கப் புண்ணாகி, காய்ச்சலோடு, ஒரு வாரம் எதையும் குடிக்க மாட்டாள். சளி பிடித்தவர்கள் சளி விடும்வரை தள்ளியிருந்து கொஞ்சட்டும். பெரியவருக்கு வெறும் மூக்கொழுகலாக இருப்பது குழந்தைக்கு நெஞ்சில் இறங்கி இழுப்பாகிவிடும்.

யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், 'அது பழைய பீடி இருமல்' என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவரிடமிருந்துதான் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காசநோய் வருகிறது. அது மூளைக்காய்ச்சலாக மாறாமல் பி.சி.ஜி. ஊசி ஓரளவு காப்பாற்றும். தொற்றாமலே தடுத்துவிடும் என்று நம்ப முடியாது.

கன்னத்தைக் கிள்ளுவது சிவக்காத வரை பரவாயில்லை. மூன்று நாள் தாடியை அப்பா கன்னத்தில் உரசினால் தோல் தடித்துப் போகும். சவரம் செய்யச் சொல்லுங்கள். மாமியார் நெற்றிப் பொட்டில் நெட்டி முறித்துத் திருஷ்டி கழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆசையாக நாக்கில் தேன் தொட்டு வைப்பதில்தான் ஆட்சேபம். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, அதில் உள்ள ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் நஞ்சாகித் தசைகளைத் தளர்த்திவிடும். வேர்க்கடலையை வாயில் போடுவதும் கூடாது. எல்லோரும் மாறி மாறித் தூக்கினால் 'கைக்குப் பழகிவிடும்' என்பார்கள். பழகட்டும், இந்த வயதில் அது கெட்ட பழக்கமே இல்லை.

உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: பேத்தி அவரை வெறுக்கவில்லை, அவளுக்கு வேற்று முகம் தெரியத் தொடங்கிவிட்டது. ஏழு, எட்டு மாதத்தில் வரவேண்டிய வளர்ச்சி அது. யார் வீட்டு ஆள், யார் புதுசு என்று பிரித்துப் பார்க்கிறாள். மாதம் ஒருமுறை வருகிறவர் புதுசுதான். டார்வின் 1872இல் வெளிவந்த தன் நூலில், அறிமுகமில்லாத மனிதர் கிச்சுகிச்சு மூட்டினால் சிறு குழந்தை சிரிக்காது, பயந்து அலறும் என்று எழுதியிருக்கிறார். ஆகவே அப்பா வந்ததும் கையை நீட்டிப் பறிக்க வேண்டாம். அவள் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, அவளை நேராகப் பார்க்காமல், ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துத் தட்டி விளையாடட்டும். பத்து நிமிடத்தில் அவளே எட்டிப் பார்ப்பாள். அப்புறம் துண்டால் முகத்தை மூடி, 'தாத்தாவைக் காணோமே... இதோ!' என்று ஒருமுறை. மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பது அவளுக்குப் புரியத் தொடங்கும் வயது இது. இந்த விளையாட்டை இப்போது விளையாடினால்தான் ருசி. ஊரில் இருக்கும்போது வீடியோ காலில் முகம் காட்டினாலும் நல்லது. திரை வேண்டாம் என்ற விதியில் சொந்தத் தாத்தாவுக்கு விலக்கு தரலாம்.

நம் பெரியவர்கள் இதெல்லாம் தெரியாதவர்கள் இல்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் மாதங்களைப் பருவமாகப் பிரித்தார்கள். தலை நிமிர்த்திக் கையூன்றி ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, பிறகு முத்தம், அதன்பின் தளர்நடை போட்டு வரச்சொல்லும் வாரானை. சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று வைத்திருக்கிறார்கள். நாங்களும் கிளினிக்கில் ஒன்பது மாதக் குழந்தையிடம் 'கை தட்டுகிறாளா?' என்றுதான் கேட்கிறோம். முத்தப் பருவத்தில் பாடுகிறவர் முத்தத்தைத் தானாக எடுத்துக்கொள்வதில்லை, குழந்தையிடம் 'தா' என்று கேட்டு நிற்கிறார். உங்கள் மாமியார் "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மாமனாரிடம் நீங்கள் நேரடியாகச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்க வேண்டாம். ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி வரும். அதற்கு அவரையே கூட்டிப் போங்கள், குழந்தையை அவர் மடியில் உட்கார வையுங்கள். விசிறி விஷயத்தை மட்டும் முன்கூட்டியே டாக்டரின் காதில் போட்டுவிடுங்கள். அதுவரை இரண்டு மாதம் இருக்கிறதே என்பீர்கள். இன்று சாயங்காலமே உங்கள் கணவரை விட்டு, விளையாடும் இடத்தை விசிறி இல்லாத வாசல் திண்ணைக்கு மாற்றச் சொல்லுங்கள். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று காரணம் சொன்னால் போதும். விருதுநகர் வெயிலில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தூக்கிப் போடாமல் கையில் வைத்தே ஆட்டச் சொல்வது மகன் வாயிலிருந்து வரட்டும்.