காலரா கிருமியின் சுவிட்ச்: கேட்டதும் சொன்னதும்

பல வருஷம் காலரா கிருமியான விப்ரியோ காலரேயோடு குப்பை கொட்டியவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை. வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள், இங்கே வராதீர்கள்.

செந்தில்: காலரா கிருமி எப்போதும் நச்சு சுரக்குமா?

சுரக்காது. கழிமுகத்தில் இறால் போன்ற நுண்ணிய உயிரினங்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்போது நச்சு வீண்செலவு. குடலுக்குள் வந்தபின்தான், கிருமியின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் டாக்ஸ்ஆர், டிசிபிபி என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து டாக்ஸ்டி ஜீனைத் தட்டி எழுப்புகின்றன. அந்த ஜீன் தரும் டாக்ஸ்டி புரதம்தான் சுவிட்ச்; அது நச்சு ஜீன்களையும், குடலில் குடியேற உதவும் பைலஸ் என்ற மெல்லிய இழைகளின் ஜீன்களையும் இயக்கும்.

வேடிக்கை இனிமேல்தான். பைலஸ் ஜீன்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசைக்குள்ளேயே டாக்ஸ்டி ஜீனும் இருக்கிறது. டாக்ஸ்டி அந்த வரிசையை வாசிக்க (அதாவது, புரதம் செய்ய நகலெடுக்க) வைத்தால், வாசிப்பு ஓடிப்போய் டாக்ஸ்டி ஜீனையும் தொட்டுவிடும். இன்னும் டாக்ஸ்டி, இன்னும் வாசிப்பு. திருவிழாப் பந்தலில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகக் காட்டினால் 'கூய்ங்' என்று வருமே, அதே நேர் பின்னூட்டம். ஒரே மரபணு கொண்ட கூட்டத்திலேயே சில கிருமிகள் 'ஆன்', மற்றவை 'ஆஃப்' என்று இரண்டாகப் பிரிவதற்கும் இந்தச் சுற்றுதான் காரணம்.

கவிதா: அணைப்பது எது?

ஒன்று மட்டுமல்ல. எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். 2010இல் டாக்ஸ்டியைப் படிகமாக்கிப் பார்த்தவர்களுக்கு, புரதத்தின் பள்ளத்தில் அழையா விருந்தாளியாக 16 கார்பன் கொழுப்பு அமிலம் ஒன்று கிடைத்தது. அது உட்கார்ந்திருந்தால் டாக்ஸ்டி டி.என்.ஏ.வைப் பிடிக்காது. பித்தநீரில் இத்தகைய அமிலங்கள் உண்டு. அதனால் குடலின் நடுவெளியில் ஆஃப், சளிப்படலத்தைத் தாண்டிச் சுவரை எட்டியதும் ஆன் என்பது அவர்கள் வைத்த விளக்கம்.

பெயர் சொல்லாதவர்: ஆன்டிபயாடிக் போட்டால் சுவிட்ச் அணையுமா?

அது கிருமியைக் கொல்லும், அல்லது வளரவிடாது. சுவிட்ச் வேறு கதை. டாக்ஸ்டியை முடக்கும் விர்ஸ்டாட்டின் என்ற வேதிப்பொருள் எலிக்குட்டிகளில் வேலை செய்தது. மருந்துக்கடை வரை வரவில்லை.

அருள்: கிருமிகள் கூட்டம் சேர்ந்ததும் பேசிவைத்துத் தாக்குமாமே?

காலரா நேர்மாறு. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதுதான் நோயூட்டும் ஜீன்கள் ஆன். ஒவ்வொரு கிருமியும் வெளியே ஒரு மூலக்கூறை விடும்; கூட்டம் பெருகினால் அது சுற்றிலும் தேங்கும். அப்போது ஹேப்ஆர் என்ற புரதம் வந்து அவற்றை அணைத்து, பிடியை விடவைக்கும் நொதியைச் சுரக்கவைக்கும். வயிற்றோட்டத்தோடு வெளியேற வேண்டுமல்லவா! 2000இல் முழு ஜீனோம் வெளியான காலரா கிருமி வகையில் இந்த ஹேப்ஆர் ஜீனே பழுது. அந்த வகையை வைத்து ஹேப்ஆரின் வேலையைத் தேடியவர்கள் பாவம்.

இன்னொன்று, 'பேசுகின்றன' என்று எழுதாதீர்கள். 2002இலேயே நுண்ணுயிரியலாளர் ரோஸ்மேரி ரெட்ஃபீல்டு கேட்டார்: விட்ட மூலக்கூறு சுற்றி எவ்வளவு தேங்குகிறது என்று ஒற்றைச் செல் பார்த்துக்கொள்கிறது என்றால் போதாதா? அடைபட்ட இடத்தில் தனிச் செல்லுக்கும் சுவிட்ச் மாறும்.

அருள்: அப்படியென்றால் ஒரு மூலக்கூறு போதுமே? விப்ரியோ தன் இனத்தோடு ஒன்று, பல இனங்களுக்குப் பொதுவாக ஒன்று என்று இரண்டு வைத்திருப்பது ஏன்?

நல்ல அடி. தேக்கத்தை அளக்க மட்டும் என்றால் இரண்டு தேவையில்லைதான். அக்கம்பக்கத்தில் யார் என்பதும் கணக்கில் வருகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். 'பேச்சு' என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

முருகேசன்: 'பேச்சு' என்றால் என்ன தப்பு, சார்? எறும்பு பேசுகிறது என்று சொல்வதில்லையா?

எறும்புக்காரரிடம் கேளுங்கள்.

ஷீலா: நச்சு என்று ஒன்று இருப்பதை நிரூபித்தது கோக் தானே?

ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் கிருமியை வளர்த்தெடுத்தார், நச்சு இருக்கும் என்று ஊகித்தார். நிரூபித்தது அதே கல்கத்தாவில் சம்புநாத் டே, 1959இல். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை முயல் குடலில் செலுத்தினார். குடல் நீர் கோத்து வீங்கியது. நோபல் கிடைக்காதது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

தினேஷ்: ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இந்த ஜீன்கள் அணையுமா?

மேலே பாருங்கள்.

ராணி: பையனுக்குக் காலையிலிருந்து தண்ணியாகப் போகிறது, என்ன மாத்திரை கொடுக்கலாம்?

முதல் பத்தி, அம்மா. ஓ.ஆர்.எஸ்., டாக்டர். இப்போதே கிளம்புங்கள்.