‘வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்’ (1972): விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார்? கேள்வி பதில்

புதிதாகக் கேட்பவர்: கெஸ்ட் வைத்த கன்ட்ரி ஆல்பம்னாலே எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. அட்டையில் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட்னு இருக்கு, ஆனா பாடுறது வேற யாரோ. இதில் மெயின் யாரு சார்?

அட்டைப்படி டர்ட் பேண்ட். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 1966ல் ஆரம்பித்த குழு. இந்த ஆல்பம் பதிவானபோது எல்லோருக்கும் இருபது சொச்சம் வயது, நீள முடி. ‘மிஸ்டர் போஜாங்கிள்ஸ்’ பாட்டு அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100ல் 9ஆம் இடம் வரை போயிருந்தது. அந்தப் பெயரை வைத்து இன்னொரு ராக் ஆல்பம் போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக 1971 ஆகஸ்டில், அமெரிக்கக் கிராமிய மரபில் வந்த கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போய், உட்லண்ட் ஸ்டூடியோவில் ஆறு நாள் உட்கார்ந்து, தங்களைவிட ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை மூத்தவர்களை நடுவில் நிறுத்திப் பதிவு செய்தார்கள். மதர் மேபெல் கார்ட்டர், ராய் அக்கஃப், மெர்ல் டிராவிஸ், டாக் வாட்சன், ஜிம்மி மார்ட்டின் பாட, ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பேஞ்சோ. பெரும்பாலான பாட்டுகளில் குழு பக்கவாத்தியம்தான். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் அதுதான். ஆல்பம் இன்றும் நிற்பதற்குக் காரணமும் அதுதான் என்பேன்.

அதே நபர்: மூணு எல்பி ரொம்ப நீளம். எங்கே ஆரம்பிக்கலாம்?

டாக் வாட்சனின் ‘டென்னசி ஸ்டட்’, மெர்ல் டிராவிஸின் ‘டார்க் ஆஸ் எ டஞ்சன்’, அப்புறம் தலைப்புப் பாட்டு. பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சைத் தாண்டிவிடாதீர்கள். வாட்சனும் டிராவிஸும் முதல்முறை சந்திக்கும் பேச்சு அப்படியே இசைத்தட்டில் இருக்கிறது. டிராவிஸ் மேல் இருந்த மதிப்பில் தன் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்தவர் வாட்சன்.

ஒலிப்பதிவு வேலையில் இருப்பவர்: இரண்டே டிராக்கில் பதிவு பண்ணாங்களாமே? 1971ல் 16 டிராக் மெஷின் இருந்ததே, ஏன் சார்?

இருந்தது. டிராக் என்றால் டேப்பில் ஒலியைத் தனியாகப் பதியும் ஒரு பட்டை; 16 இருந்தால் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து, பின்னால் கலக்கலாம், அதுதான் மிக்ஸ். வேண்டாம் என்று விட்டார்கள். தயாரிப்பாளர் வில்லியம் மெக்யூயன், குழுவின் பேஞ்சோக்காரர் ஜான் மெக்யூயனின் அண்ணன். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க, நேராக இடது வலது இரண்டு டிராக்கில் எழுதினார்கள். பின்னால் மிக்ஸ் கிடையாது, ஒரு குரலை மட்டும் தனியாகத் திருத்தவும் வழியில்லை. பிடிலில் ஒரு சுரம் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

டேப் ஓடிய வேகம் விநாடிக்கு 30 அங்குலம், வழக்கமான 15க்கு இரட்டிப்பு. வேகம் கூடினால் டேப் இரைச்சல் குறையும், கிட்டார் கம்பியின் மேல்ஸ்தாயி துல்லியமாக விழும். செலவும் அதற்கேற்ப கூடும்: 2,500 அடி ரீல் ஒன்று 1,000 விநாடியில், அதாவது 17 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். மிக்ஸ் இல்லாததால் இன்னொரு டேப்புக்கு நகல் எடுக்கிற படி ஒன்று குறைகிறது, அதோடு சேரும் இரைச்சலும் குறைகிறது.

இதற்கு மேல் ராய் அக்கஃபின் கொள்கை வேறு. முதல் தடவையே சரியாக அடித்துவிடு, திரும்பத் திரும்ப வாசித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய்விடும் என்று அவர் சொல்வதும் இசைத்தட்டிலேயே இருக்கிறது.

வீட்டில் பதிவு செய்ய நினைப்பவர்: நாங்க நாலு பேர், கிட்டார், மாண்டலின், பேஞ்சோ, பேஸ். இதே மாதிரி ஒரே அறையில் பதிவு பண்ணா பேஞ்சோ மட்டும்தான் கேக்குது.

மைக்கைக் கூட்டாதீர்கள், ஆட்களை நகர்த்துங்கள். ஒரு ஜோடி கண்டென்சர் மைக் போதும். பாடுகிறவர் ஓர் அடிக்குள், கிட்டாரும் மாண்டலினும் இரண்டடி, பேஸ் மூன்றடி. பேஞ்சோ ஐந்தாறு அடி தள்ளி, அதன் தோல் மைக்கை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருக்கட்டும். தனி வாசிப்பு வரும்போது அவர் ஓரடி முன்னால் வந்து, முடிந்ததும் பின்னால் போக வேண்டும். பேஞ்சோ, பிடில், மாண்டலின் வைத்து வேகமாக வாசிக்கும் கன்ட்ரி வகையான புளூகிராஸ் குழுக்கள் ஒற்றை மைக்கைச் சுற்றி நடப்பது இதற்காகத்தான்.

ஆளுக்கொரு மைக் என்று வைத்தால், இரண்டு மைக்குக்கு இடையே உள்ள தூரம் மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் ஒரே ஒலி இரண்டு மைக்கிலும் சற்று முன்பின்னாக விழுந்து ஒன்றையொன்று தின்னும். தகர டப்பாவுக்குள் பாடுவது போலக் கேட்பது அதனால்தான்.

கிட்டார் பழகுபவர்: அண்ணா, மேபெல் கார்ட்டர் வாசிப்பில் மெட்டும் கார்டும் சேர்ந்தே வருதே, எப்படி? நான் பண்ணா ஒரே இரைச்சல்.

அதற்குக் ‘கார்ட்டர் ஸ்கிராட்ச்’ என்று பெயர். கட்டைவிரல் கீழ்ஸ்தாயிக் கம்பிகளில் மெட்டை எடுக்கும், ஆள்காட்டி விரல் மேல்ஸ்தாயிக் கம்பிகளை உரசிக் கார்டு தரும். மற்றவர்கள் கட்டைவிரலை வெறும் பேஸுக்கு வைத்திருந்த காலத்தில் அவர் அதையே முன்னணிப் பாடகராக்கிவிட்டார்.

சி கார்டு பிடியுங்கள். ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ தொடக்கம் டி கம்பியில்: 2ஆம் ஃப்ரெட், 3ஆம் ஃப்ரெட், பிறகு ஜி கம்பி திறந்தபடி. கட்டைவிரலில் தம்ப் பிக் (விரலில் மாட்டும் மீட்டுகோல்) போட்டு அந்தச் சுரத்தை அழுத்தி எடுத்து, அடுத்த தாளத் தட்டுக்கு ஆள்காட்டி நகத்தால் கீழே ஓர் உரசல், அரைத் தட்டுக்கு மேலே ஓர் உரசல். மெட்டு டி கம்பியில் இருக்கும்போது மேல்ஸ்தாயிக் கம்பிகள் மூன்றை மட்டும் தொடுங்கள். மெட்டு ஜி கம்பிக்கு வந்தால் மேல்ஸ்தாயிக் கம்பிகள் இரண்டு. நீங்கள் ஆறு கம்பியையும் வாரி அடிக்கிறீர்கள், அதனால்தான் இரைச்சல். மெட்ரோநோமில் 60 வைத்து, உரசலைப் பாதி பலத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

மெர்ல் டிராவிஸ் பெயரில் வழங்கும் டிராவிஸ் முறையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நேர்மாறு: கட்டைவிரல் மாறி மாறி பேஸ் அடிக்க, ஆள்காட்டி விரல் மேல்ஸ்தாயிக் கம்பிகளில் மெட்டு எடுக்கும்.

இன்னொருவர்: அந்த வழுக்கி வழுக்கி வர்ற கம்பி வாத்தியம் என்ன?

டோப்ரோ. மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் தேய்த்து வாசிப்பது. கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்குக் கை உடனே புரியும். இதில் அக்கஃபின் நெடுநாள் கூட்டாளி ஆஸ்வால்ட் கிர்பியும் நார்மன் பிளேக்கும் வாசிக்கிறார்கள்.

வாசகர்: அந்தக் காலத்தில் இதற்கு வரவேற்பு எப்படி? நாஷ்வில்காரர்கள் நீள முடியை ஏற்றார்களா?

எல்லோரும் இல்லை. புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ வர மறுத்தார். அக்கஃபும் தயங்கினார். ஏற்கெனவே பதிவானதைப் போட்டுக் கேட்டு, இது கன்ட்ரிதான் என்று தெரிந்த பிறகே மைக் முன் நின்றார். வியட்நாம் போர் நடந்த நேரம். முடியின் நீளத்தை வைத்து ஒருவர் எந்தப் பக்கம் என்று முடிவு கட்டிய காலம்.

பில்போர்டு கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் 4, பொதுப் பட்டியலில் 68. ரேடியோவில் பெரிய ஹிட் எதுவும் இல்லாத மூன்று தட்டு ஆல்பத்துக்கு இது பெரிது. ஆனால் எண்களைவிட ஆட்களைப் பாருங்கள். பிடில்காரர் வாசர் கிளமென்ட்ஸ் அதுவரை மற்றவர்களுக்குப் பின்னால் வாசித்தவர். இதற்குப் பிறகு ராக் ரசிகர்களும் அவர் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். 1973ல், கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் ஜெர்ரி கார்சியாவோடு ‘ஓல்ட் அண்ட் இன் த வே’ என்ற புளூகிராஸ் குழுவில் வாசித்தார்.

அதே வாசகர்: அடுத்த பாகங்கள்?

இரண்டாம் பாகம் 1989ல், ஜானி கேஷ், எமிலூ ஹாரிஸ், ஜான் பிரைன் எல்லாம் உண்டு. விருது என்று பார்த்தால் முதல் பாகத்தைவிட அதற்குத்தான் அறுவடை: அந்த ஆண்டின் சிஎம்ஏ (கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன்) சிறந்த ஆல்பம், மேலே கிராமிகள். மூன்றாவது 2002. இரண்டிலும் நல்ல பாட்டுகள் உண்டு. ஆனால் விருந்தாளிப் பட்டியல் நீள நீள, ஒருவர் வந்து பாடிவிட்டுப் போக அடுத்தவர் வருவது போல ஆகிவிடுகிறது. முதலாவதில் ஆறு நாள் கூடி இருந்த நெருக்கம் கேட்கும்.

பேஸ் வாசிப்பவர்: பேஸ் யாரு சார்? பெரிசா ஒண்ணும் பண்ணலையே, ஆனா எடுத்துட்டா பாட்டே விழுந்துடும் போல.

ஜூனியர் ஹஸ்கி. நாலு தாளத் தட்டில் ஒன்றிலும் மூன்றிலும் ஒரு சுரம், கார்டு மாறும் இடத்தில் இரண்டு மூன்று சுரத்தில் ஒரு நடை, அவ்வளவுதான். 1971 செப்டம்பரில், ஆல்பம் வெளிவருமுன்பே காலமாகிவிட்டார். ஹெட்போனில் ‘ஐ சா த லைட்’ போட்டு அவரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.