தரை எந்தப் பக்கம் தள்ளுகிறது?

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சை இரண்டாம் தடவை எடுக்கிறேன், கணிதப் பிரிவு. போன கிழமை வகுப்பில் ஒரு மாதிரி வினாத்தாள் தந்தார்கள். கரடான கிடை மேசையில் 4 கிலோகிராம் திண்ம உருளை. அதில் சுற்றிய இழை உருளையின் மேல்பக்கத்தில் இருந்து கிடையாகப் போய், ஒப்பமான சிறு கப்பியைத் தாண்டி, 1 கிலோகிராம் திணிவில் முடிகிறது. உராய்வுக் குணகம் 0.5. உருளை வழுக்காமல் உருண்டால் அதன் மையத்தின் ஆர்முடுகல் (வேகம் கூடும் வீதம்) என்ன? எனக்கு மறை 2 (−2) வந்தது. மறையை அழித்துவிட்டு 2 என்று எழுதினேன். விடையும் 2 தான். ஆனால் முழுப் புள்ளியையும் வெட்டிவிட்டார்கள். இது நியாயமா? இப்படியான கணக்குகளுக்குக் குறுக்குவழி ஏதும் உண்டா? எந்தப் புத்தகம் வாசிக்கலாம்? வர்த்தகப் பிரிவுக்கு மாறுவோமா என்றும் யோசிக்கிறேன். செய்த தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உன் தாளைப் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தேன். முதலில் கோபம் வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது. உராய்வு 20 நியூற்றன், பின்பக்கமாக என்று அம்புக்குறி போட்டிருக்கிறாய். இழையின் இழுவையில் இருந்து அந்த 20ஐக் கழித்து, ஆர்முடுகலின் 4 மடங்குக்குச் சமப்படுத்தினாய். தொங்கும் திணிவுக்கும் அதே ஆர்முடுகலைக் கொடுத்தாய். அந்த இரண்டையும் கூட்டினால் மறை 2 தான் வரும். கூட்டலில் பிழையில்லை. ஆனால் அந்த மறை உன்னிடம் என்ன சொன்னது? தொங்குகிற திணிவு தானாக மேலே ஏறுகிறது, உருளை கப்பியை விட்டுப் பின்னால் ஓடுகிறது என்று சொன்னது. எந்த மேசையில் அப்படி நடக்கும்? கணக்கு உன் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. நீ அழிறப்பரை எடுத்தாய்.

புள்ளியை வெட்டியது நியாயம்தான். விடையோடு உன் எண் பொருந்தியது தற்செயல். 1 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோவைத் தொங்கவிட்டுப் பார். உன் வழியில் ஆர்முடுகல் பூச்சியம், உருளை அசையவே அசையாது. உண்மையில் அது 20/7, கிட்டத்தட்ட 2.86 மீற்றர்/செக்கன்² இல் ஆர்முடுகும்.

புத்தகத்துக்கு, கையில் இருப்பதே போதும். பிரிவு மாறுவதை ஒரு வினாத்தாளை வைத்து முடிவெடுக்காதே, வீட்டில் இருந்து ஆறுதலாகப் பேசு. நான் எழுத வந்தது அந்த 20 நியூற்றனைப் பற்றி. கொஞ்ச நாளாகவே அது என் மனதில் கிடக்கிறது.

1990களில் நான் திருக்கடலூரில் ஒரு மாஸ்டரின் வீட்டு விறாந்தையில் படித்தேன். கரண்ட் இல்லாத காலம். இருட்டுமுன் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் வகுப்பு நேரத்தோடு முடிந்துவிடும். ஒருநாள் மாஸ்டர் பக்கத்து வீட்டில் இருந்து தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) சுற்றுகிற மரக்கட்டை ஒன்றை வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் பெரிய வட்டத் தட்டு, நடுவில் அதில் பாதி அளவான அச்சு, அதில்தான் தங்கூசி. கட்டையைச் சீமெந்துத் தரையில் வைத்து, அச்சின் அடிப்பக்கத்தில் இருந்து வரும் நுனியை என் கையில் தந்தார். "கிடையாக இழுத்தால் கட்டை எந்தப் பக்கம் போகும்?"

நாங்கள் ஏழு பேர். நூல் கழன்றுகொண்டே கட்டை அப்பால் ஓடும் என்று ஏழு பேரும் சொன்னோம், எல்லாரையும் விட நான் சத்தமாகச் சொன்னேன். இழுத்தேன். கட்டை நூலைத் தன்னில் சுற்றிக்கொண்டே என்னை நோக்கி உருண்டு வந்தது. அப்புறம் கையை மெல்ல மெல்ல உயர்த்தச் சொன்னார். நூல் தரையோடு 60 பாகையில் நின்றபோது கட்டை எந்தப் பக்கமும் உருளவில்லை. இன்னும் உயர்த்தியதும் அப்பால் ஓடியது. மாஸ்டர் ஒரு பென்சிலை நூலின் நேர்கோட்டில் பிடித்துக் காட்டினார். 60 பாகையில் அந்தக் கோடு, கட்டை தரையைத் தொடுகிற இடத்தில் போய் முட்டியது. அதற்கு மேலே கோடு போனால் கட்டை இந்தப் பக்கம் வரும், கீழே போனால் அந்தப் பக்கம் போகும். வேறொன்றும் சொல்லாமல் அந்தத் தொடுபுள்ளியைப் பென்சிலால் இரண்டு தரம் தட்டினார். மாஸ்டர் இப்போது இல்லை. அந்தத் தட்டல் சத்தம் இன்னும் என் காதில் கேட்கிறது.

அன்று சைக்கிளில் வீடு திரும்பினேன். டைக் வீதியில் ஓரிடத்தில் மணல் ஏறிக் கிடந்தது. அழுத்தி மிதித்தபோது பின்சில்லு சுழன்று மணலைப் பின்னால் வீசியது. இறங்கி நின்று யோசித்தேன். சில்லு மணலைப் பின்னால் தள்ளுகிறது என்றால் தரை சில்லை முன்னால் தள்ள வேண்டும். சைக்கிளை முன்னே கொண்டுபோவதே உராய்வுதான்! முன்சில்லை யாரும் மிதிப்பதில்லை. சட்டகம் அதன் அச்சைத் தள்ளுகிறது, அதைச் சுழலவைக்கத் தரை பின்பக்கமாகப் பிடிக்கிறது. ஒரே சைக்கிள், ஒரே வீதி, ஆனால் இரண்டு சில்லிலும் உராய்வு எதிரெதிர்ப் பக்கம். பிரேக் பிடித்தால் இரண்டுமே பின்பக்கம். நம் ஸ்டேசனில் இருந்து இரவில் புறப்படுகிற ரயிலிலும் இதுதான்: வேகம் எடுக்கும்போது எஞ்சினின் இயக்கச் சில்லுகளைத் தண்டவாளம் முன்னால் தள்ளும், பெட்டிகளின் சில்லுகளைப் பின்னால் பிடிக்கும். வழுக்கும் தண்டவாளத்தில் எஞ்சின் சில்லின் முன்னே மணல் தூவுவதும் அந்த முன்தள்ளலுக்காகத்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், "உராய்வு இயக்கத்துக்கு எதிராக இருக்கும்" என்று உனக்கு யாரோ பாடமாக்கித் தந்துவிட்டார்கள். அது எதிர்ப்பது தொடுகிற இடத்தில் நடக்கும் வழுக்கலை. வழுக்கல் இல்லாத உருளலில் அது எந்தப் பக்கமும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தால், அதாவது மேசை உருளையை நேர் மேலே தாங்கும் 40 நியூற்றன் விசையால் பெருக்கினால் வருகிற 20 நியூற்றன் வெறும் எல்லை. இவ்வளவுக்கு மேல் தரையால் தர முடியாது என்பதுதான் அதன் பொருள், இவ்வளவையும் தந்தே தீரும் என்பதல்ல. வங்கியில் 20 ஆயிரம் கிடக்கிறது என்பதற்காகக் கடைக்குப் போகும்போதெல்லாம் முழுவதையும் எடுத்துக் கொடுப்பாயா? வழுக்காமல் உருளும்போது உராய்வு ஒரு தெரியாக் கணியம். இழுவையைப் போலவே ஒரு பெயர் கொடுத்து, ஏதாவது ஒரு பக்கம் அம்பு போட்டுவிட்டுக் காத்திரு. பக்கத்தைச் சமன்பாடு சொல்லும், மறை வந்தால் அம்பைத் திருப்பு. வழுக்கிக்கொண்டே போகிற உருளைக்குத்தான் அந்தப் பெருக்கல்.

சரி, உன் கணக்குக்கு வருவோம். தொடுபுள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது, மையம் ஒரு பங்கு வேகத்தில் போகிறது, மேல்புள்ளி இரண்டு பங்கு வேகத்தில் போகிறது. இழை மேல்புள்ளியில் இருந்து போவதால் தொங்கும் திணிவின் ஆர்முடுகல் மையத்தினுடையதைப் போல இரண்டு மடங்கு. நீ விட்ட அடுத்த பிழை இது. இணைந்த பொருட்கள் என்றதும் எல்லாவற்றுக்கும் ஒரே ஆர்முடுகல் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதே, இழை எங்கே கட்டியிருக்கிறது என்று பார். மூன்றாவது, உருளையைச் சுழற்றும் சமன்பாட்டை நீ எழுதவே இல்லை. அதை ஒரு பெட்டியைப் போல இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

உராய்வை முன்பக்கமாக எடு. இழுவையும் உராய்வும் சேர்ந்து ஆர்முடுகலின் 4 மடங்கு. மையத்தைப் பற்றித் திருப்பம் எடுத்தால், திண்ம உருளையின் சடத்துவத் திருப்பத்தில் (சுழலவைப்பதற்கு அது காட்டும் தயக்கத்தின் அளவில்) அரைவாசி வருவதால், இழுவையில் இருந்து உராய்வைக் கழித்தது ஆர்முடுகலின் 2 மடங்கு. ஆகவே இழுவை 3 மடங்கு, உராய்வு 1 மடங்கு. தொங்கும் திணிவுக்கு, புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால், அதன் நிறையான 10 நியூற்றனில் இருந்து இழுவையைக் கழித்தது 2 மடங்கு. ஆர்முடுகல் 2, இழுவை 6, உராய்வு 2 நியூற்றன், அதுவும் முன்பக்கமாக. நீ போட்டது 20, பின்பக்கமாக!

இழையை மையத்தின் அச்சில் கட்டியிருந்தால் உராய்வு பின்பக்கம் திரும்பியிருக்கும். மையத்துக்கு மேலே ஆரையின் பாதி உயரத்தில் இழுத்தால் இந்த உருளைக்கு உராய்வே தேவையில்லை. குறுக்குவழி கேட்டாயே, என்னிடம் இருப்பது மாஸ்டர் பென்சிலால் தட்டிய இடம் மட்டும்தான். தொடுபுள்ளியைப் பற்றித் திருப்பம் எடு, உராய்வு கணக்கில் வராமல் ஒரே வரியில் இழுவை கிடைக்கும்.

இப்போது ஒரு வேலை செய். உருளையை எடுத்துவிட்டு அதே 4 கிலோவில் ஒரு மெல்லிய வளையத்தை வை. இழை மேல்பக்கத்தில்தான், தொங்குவது அதே 1 கிலோ. உராய்வு எவ்வளவு, எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து எனக்கு எழுது. என்ன வந்தாலும் அழிக்காமல் அனுப்பு.

அன்புடன்,
அக்கா